சிறுதேரும் பைங்கிளியும்: இல்லத்துப் பொழுதுபோக்குப் பணிகள் குறித்து ஒரு விளக்கம்

முன்னுரை

உழைப்பிற்கும் உறக்கத்திற்கும் இடையே எஞ்சி நிற்கும் சிறுபொழுதினை ஒருவர் எவ்வாறு கழிக்கின்றார் என்பதைக் கொண்டு, அவர்தம் உள்ளத்தின் போக்கினை ஒருவாறு அறிந்துகொள்ளலாம். அச்சிறுபொழுதில் கைகளுக்கு வேலையும் கண்களுக்குக் கூர்மையும் நெஞ்சிற்குப் பொறுப்பும் தரும் பணிகள் இல்லந்தோறும் உண்டு. தோட்டமிடல், அஞ்சல்தலை சேர்த்தல், மீன் வளர்த்தல் எனப் பலவாக விரியும் அவற்றுள், அளவு மாறாத சிறுமாதிரிகள் அமைத்தல், கிளி வளர்த்தல் என்னும் இரண்டினை மட்டும் இக்கட்டுரைக்கு எடுத்துக்கொண்டோம். ஒன்று உயிரற்றது, மற்றொன்று உயிருள்ளது. இவ்விரண்டும் எம் இல்லத்தில் ஒரே அறையில் இடம்பெற்றிருந்தன. அதனால் யாம் கற்ற பாடம் ஒன்று உண்டு. அதனை மாணவர்க்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைத்தல் எம் கடமையெனக் கருதுகின்றோம்.

தமிழ் மரபில் சிறுதேரும் கிளியும்

பெரிய பொருளைச் சிறிதாகச் செய்து மகிழும் வழக்கம் மிகத் தொன்மையானது. மொகஞ்சதாரோ, அரப்பா அகழாய்வுகளில் சுடுமண்ணால் ஆகிய சிறு வண்டிகள் பல கிடைத்துள்ளன. அக்காலத்து மரவண்டிகள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. அவற்றின் வடிவத்தை இன்று நாம் அறிய உதவுவன, பிள்ளைகள் விளையாடுவதற்காகச் செய்யப்பட்ட அச்சிறு மாதிரிகளே.

காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று உருளைச் சிறுதேரை உருட்டி விளையாடியதைப் பட்டினப்பாலை கூறும். முற்றத்தில் உலரும் உணவைக் கவர வந்த கோழியை விரட்ட மகளிர் எறிந்த காதணி, அத்தேரின் வழியை மறித்துக் கிடந்ததாம். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவம் சிறுதேர்ப் பருவமாகவே அமைந்தது. இசுலாமியத் தமிழ்ப் புலவர்களும் பிள்ளைத்தமிழ் நூல்கள் பல யாத்து இம்மரபினைப் போற்றியுள்ளனர்.

கிளியோ நம் இலக்கியத்தில் பகையாகவும் வரும், தோழியாகவும் வரும். தினைப்புனம் காக்கும் தலைவி தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளால் கிளிகளை ஓட்டுதலைக் குறிஞ்சிப்பாட்டில் காண்கிறோம். பிற்காலத்தில் அதே கிளி காதலின் தூதாகிக் கிள்ளைவிடு தூது என இலக்கியமும் ஆயிற்று.

அளவு விகிதம் என்னும் அடிப்படை

சிறுமாதிரி வேறு, பொம்மை வேறு. பொம்மையில் வீட்டைவிட மனிதன் பெரியவனாக இருக்கலாம். சிறுமாதிரியில் எல்லாப் பகுதிகளும் ஒரே விகிதத்தில் குறைதல் வேண்டும். 1:72 என்றால், உண்மைப் பொருளில் 72 அங்குலமாக இருப்பது மாதிரியில் 1 அங்குலமாக இருக்கும். ஆறடி மனிதன் ஓரங்குல உயரத்தில் நிற்பான். விமான மாதிரிகளுக்கு 1:72, 1:48 ஆகியனவும், இரயில் மாதிரிகளுக்கு 1:87, 1:160 ஆகியனவும், பொம்மை வீடுகளுக்கு 1:12 என்பதும் உலகெங்கும் வழங்கும் விகிதங்கள்.

எம் மகன் பள்ளி விடுமுறையொன்றில் எங்கள் தெருப் பள்ளிவாசலின் மினாராவை அட்டையால் அமைக்க விரும்பினான். அதன் உயரம் எவருக்கும் தெரியவில்லை. ஏணி வைத்து அளக்கவும் இயலாது. அப்போது கணக்குப் பாடம் கைகொடுத்தது. வெயில் நேரத்தில் 1 மீட்டர் நீளக் கோல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி அதன் நிழலை அளந்தோம், அது 1.5 மீட்டர் இருந்தது. அதே வேளையில் மினாராவின் நிழல், அதன் அடியின் நடுப்புள்ளியிலிருந்து 18 மீட்டர் இருந்தது. 18-ஐ 1.5-ஆல் வகுக்க, உயரம் 12 மீட்டர் எனக் கிடைத்தது. ஒத்த முக்கோணங்களைப் பற்றி வகுப்பில் மனப்பாடம் செய்த பிள்ளை, அன்றுதான் அதன் பயனைக் கண்ணாரக் கண்டான்.

அடுத்து விகிதத்தைத் தேர்ந்தோம். 1:30 எனக் கொண்டால் மாதிரி 40 சென்டிமீட்டர் உயரம் பெறும், மேசைக்கு ஏற்றது. இதே விகிதத்தில் நாகூர்த் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மினாராவை அமைத்தால், மாதிரியே நான்கடிக்கு மேல் வளர்ந்துவிடும். அதற்கு 1:100 விகிதம் பொருந்தும். உயரம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் ஆகும். ஆதலின் விகிதத்தை முடிவு செய்யும்போது, செய்யும் பொருளையும் வைக்கும் இடத்தையும் ஒருசேர எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இங்கு நுட்பம் ஒன்றுண்டு. 1:30 விகிதத்தில் உயரம் முப்பதில் ஒன்றாகக் குறையும்போது, மேற்பரப்பு தொள்ளாயிரத்தில் ஒன்றாகவும், ஒரே பொருளால் செய்யப்படின் எடை இருபத்தேழாயிரத்தில் ஒன்றாகவும் குறையும். எடை இவ்வளவு விரைந்து குறைவதால்தான் அட்டை மினாரா அசையாது நிற்கின்றது. அதே அட்டையைக் கொண்டு அதே அமைப்பில் 12 மீட்டர் உயரத்திற்குக் கட்டினால் தன் எடையைத் தானே தாங்காது சரியும். இவ்வுண்மையைக் கலீலியோ 1638 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். யானையின் கால்கள் எறும்பின் கால்களைப்போல் மெல்லியனவாக இராமைக்கும் இதுவே காரணம்.

பொருள்களும் செய்முறையும்

சிறுமாதிரிக்கெனப் பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை. தடித்த அட்டை, ஐஸ்குச்சி, பால்சா மரம், கூரிய கத்தி, உலோக அளவுகோல், வெள்ளைப் பசை ஆகியன போதும். நம் நாட்டிலேயே நெட்டி என்னும் நீர்த்தாவரத்தின் வெண்மையான தண்டினைச் செதுக்கித் தஞ்சைப் பெரிய கோயில் போன்ற கட்டடங்களை நுணுக்கமாக அமைக்கும் கலைஞர்கள் உள்ளனர். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டிற்கு 2020 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

மேலைநாடுகளில் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி விமானம், கப்பல், ஊர்தி ஆகியவற்றை உருவாக்கும் பெட்டிகள் பெருவழக்காயின. இங்கிலாந்தில் 1939 ஆம் ஆண்டில் தோன்றிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனமும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் மர வணிகத்தில் தொடங்கிப் பின்னர் மாதிரிகளுக்கு மாறிய ஜப்பானின் தமியா நிறுவனமும் இவ்வகையில் புகழ்பெற்றவை. இத்துண்டுகள் ஒரு சட்டத்தில் இணைந்தே வரும். அவற்றைக் கையால் முறுக்கிப் பிய்க்காமல் வெட்டுக்குறட்டால் நறுக்கி, எஞ்சிய முனையை அரத்தால் தேய்த்தல் வேண்டும். சவர்க்கார நீரில் கழுவினால் வார்ப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப்பசை நீங்கிச் சாயம் நன்கு பற்றும். பசை தடவுமுன் துண்டுகளைப் பொருத்திப் பார்த்துக்கொள்வது நலம்.

இதற்குரிய பசை நாம் காகிதத்திற்குப் பயன்படுத்தும் பசை போன்றதன்று. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சிறிது கரைத்து இரு துண்டுகளையும் ஒன்றாக உருக்கிவிடும். அவ்வாறு கரைக்கும் நீர்மம் விரைவில் ஆவியாகும். அதன் நெடி அறையெங்கும் பரவும். எனாமல் சாயங்களும் அவற்றை நீர்க்கச் செய்யும் தின்னரும் தெளிப்புச் சாயங்களும் இத்தன்மையனவே. இதனைப் படிப்போர் நினைவில் இருத்துக. பின்னர் இதற்கே வருவோம்.

விளையாட்டில் விளைந்த அறிவியல்

சிறுமாதிரி சிறுபிள்ளைகளுக்கு மட்டும் உரியது என எண்ணுதல் பொருந்தாது. வில்லியம் ஃபுரூட் என்னும் ஆங்கிலேயர் 1870களில் நீண்ட நீர்த்தொட்டியொன்றில் கப்பல் மாதிரிகளை இழுத்துப் பார்த்து, பெருங்கப்பலை நீர் எவ்வளவு தடுக்கும் எனக் கணிக்கும் முறையை வகுத்தார். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் அத்தகைய ஆய்வுத் தொட்டி உண்டு. ரைட் சகோதரர்கள் 1901 ஆம் ஆண்டில் தாமே செய்த காற்றுப்பெட்டியில் சிறு இறக்கைகளை வைத்து ஆராய்ந்த பின்னரே, 1903 ஆம் ஆண்டில் வானில் பறந்தனர். புதுதில்லியின் பெருங்கட்டடங்களை வரைந்த எட்வின் லட்யன்ஸ், இங்கிலாந்து அரசி மேரிக்காக 1924 ஆம் ஆண்டில் நிறைவுற்ற பொம்மை மாளிகையையும் வடிவமைத்தார். 1:12 விகிதத்தில் அமைந்த அம்மாளிகையில் மின்விளக்கும் ஓடும் நீரும் உண்டு.

எந்தக் கிளியை வளர்க்கலாம்?

நம் ஊர்த் தோப்புகளில் கூட்டமாகக் கத்திச் செல்லும் பச்சைக்கிளிக்குச் செந்தார்ப் பைங்கிளி என்பது பெயர். ஆணின் கழுத்தில் மட்டும் கறுப்பும் இளஞ்சிவப்புமான வளையம் இருக்கும். மரப்பொந்திலிருந்து இதன் குஞ்சுகளை எடுத்து விற்பதும் வாங்கி வளர்ப்பதும் நெடுநாள் வழக்கமாக இருந்தன. எம் இளமையிலும் வீட்டுத் திண்ணையில் ஒரு கிளி இருந்தது. அதன் வட்டக் கூண்டில் அது இறக்கையை முழுதும் விரித்ததை யாம் ஒருநாளும் கண்டதில்லை. அன்று அது எமக்குக் குறையாகத் தோன்றவுமில்லை.

இன்று அது சட்டப்படி குற்றம். 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் செந்தார்ப் பைங்கிளி உள்ளிட்ட நம் நாட்டுக் கிளிகளைக் காக்கின்றது. இந்நாட்டுப் பறவைகளின் வணிகம் 1990-91 முதல் முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. எவரேனும் அறியாது வைத்திருப்பின் வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. பச்சைக்கிளியின்பால் அன்புடையோர் மொட்டைமாடியில் ஊறவைத்த அரிசியும் நீரும் வைக்கலாம். சென்னை இராயப்பேட்டையில் ஒருவர் 2010களில் நாள்தோறும் அவ்வாறு செய்ய, ஆயிரக்கணக்கான கிளிகள் அவர் மாடியில் வந்திறங்கிய காட்சியை உலகமே வியந்து கண்டது.

கூண்டிலேயே பலதலைமுறையாகப் பெருக்கப்பட்ட அயல்நாட்டுச் சிறுகிளிகளை இல்லத்தில் வளர்க்கலாம். அவற்றுள் எளியது பட்ஜரிகர். நம் ஊரில் இதனை 'லவ் பேர்ட்ஸ்' எனத் தவறாக அழைக்கின்றனர். அப்பெயருக்கு உரிய பறவை ஆப்பிரிக்காவைச் சார்ந்தது. பட்ஜரிகரின் தாயகம் ஆஸ்திரேலியா. பறவையியல் அறிஞர் ஜான் கூல்ட் 1840 ஆம் ஆண்டில் இதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். இயற்கையில் இது பச்சையும் மஞ்சளுமாகவே இருக்கும். நீலம், வெள்ளை முதலியன வளர்ப்போர் தேர்ந்து உண்டாக்கிய நிறங்கள். முதிர்ந்த ஆணின் அலகின்மேல் உள்ள சதைப்பகுதி பெரும்பாலும் நீலமாகவும் பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும்.

ஆப்பிரிக்கச் சாம்பல்கிளி போன்ற பெருங்கிளிகளுக்கு உலக ஒப்பந்தங்களின் கட்டுப்பாடு உண்டு. அவற்றை வைத்திருப்போர் 2024 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட விதிகளின்படி அரசிடம் பதிவு செய்தல் வேண்டும். அவற்றின் அறிவும் பெரிது. ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1977 முதல் பயிற்றிய அலெக்ஸ் என்னும் சாம்பல்கிளி, நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்லால் வேறுபடுத்திக் கூறியது. 2007 ஆம் ஆண்டில் அது இறந்தபோது உலகச் செய்தித்தாள்கள் அதற்கு இரங்கல் எழுதின.

கூண்டும் உணவும்

பறவை பக்கவாட்டில் பறப்பது. ஆதலால் கூண்டிற்கு உயரத்தைவிட நீளமே முதன்மை. கம்பிகளின் இடைவெளி தலை நுழையாத அளவில் இருத்தல் வேண்டும். அமர்வதற்கு ஒரே பருமனுடைய குச்சிகளைவிடப் பருமன் மாறிவரும் வேப்பங்கிளை, கொய்யாக்கிளை ஆகியன கால்களுக்கு நல்லவை. கூடுகட்டச் சிறு மண்கலயத்தைப் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிடுவது நம் ஊர் வழக்கம். பட்ஜரிகர் நான்கு முதல் ஆறு முட்டைகள் இடும். ஏறத்தாழ 18 நாளில் குஞ்சு பொரியும்.

தினை இதற்கு விருப்பமான உணவு. தானியம் மட்டும் கொடுத்தால் உடல் நலியும். கீரையும் காய்த்துண்டுகளும் வேண்டும். சுண்ணாம்புச் சத்திற்குக் கணவாய் ஓட்டைக் கூண்டில் செருகி வைக்கலாம். நாட்டு மருந்துக் கடைகளில் இது 'கடல் நுரை' எனக் கிடைக்கும். உப்பிட்ட பண்டம், தேநீர், சாக்லேட், வெண்ணெய்ப்பழம் ஆகியன ஆகா. கிளிக்கு மிளகாய் உறைப்பதில்லையே என வியப்போர் உளர். மிளகாயின் காரப்பொருள் பாலூட்டிகளின் நரம்பினைச் சுடுவதுபோல் பறவைகளின் நரம்பினைச் சுடுவதில்லை. ஆதலால்தான் பறவைகள் அப்பழத்தை உண்டு விதையைப் பரப்புகின்றன.

எம் இல்லத்தில் நிகழ்ந்தது

மேற்கூறிய மினாரா மாதிரி கட்டி முடிந்தது ஓர் ஐப்பசி மாதத்து மழைநாளில். மகனுடைய மேசைக்கு அருகிலேயே பட்ஜரிகர் இணையொன்றின் கூண்டு இருந்தது. சாரல் உள்ளே வராதிருக்கச் சன்னல்களை அடைத்திருந்தோம். வெண்சாயம் அடைத்த தெளிப்பான் ஒன்றை வாங்கி வந்தவர் யாமே. மாதிரியின் ஒரு பக்கத்திற்கு அவன் சாயம் தெளித்தான். நெடி தாங்காது நாங்கள் அறையைவிட்டு வெளியே வந்து கதவையும் சாத்திவிட்டோம். பறவைகள் உள்ளே இருந்தன. அதனை எண்ணியவர் எவருமில்லை.

மறுநாட் காலையில் ஆண் பறவை கூண்டின் அடியில் கிடந்தது. பெண் பறவை வாய்திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கால்நடை மருத்துவர் நடந்ததைக் கேட்டறிந்து, சாய ஆவியே காரணமாகும் என்றார். தூய காற்றில் வைத்த பெண் பறவை பிழைத்தது. "வாத்தா, எனக்கு மூச்சு முட்டியபோதே அதற்கும் முட்டியிருக்குமே" என்று மகன் கேட்டான். எம்மிடம் அதற்கு மறுமொழி இல்லை.

மூச்சின் அமைப்பு

பறவையின் நுரையீரல் நம்முடையது போன்றதன்று. நம் நுரையீரலில் காற்று போன வழியே திரும்பும். பறவைக்கோ உடலெங்கும் காற்றுப்பைகள் உள்ளன. அவற்றின் துணையால் காற்று நுரையீரலுக்குள் ஒரே திசையில் செல்கின்றது. பறத்தலுக்கு வேண்டிய உயிர்வளியைப் பெறுதற்கு இறைவன் அமைத்த வியத்தகு ஏற்பாடு இது. ஆனால், உயிர்வளியை விரைந்து ஈர்க்கும் அதே அமைப்பு நஞ்சையும் விரைந்து ஈர்க்கும். உடல் சிறிதாதலின் சிறிதளவு நஞ்சே போதும்.

இவ்வுண்மையை நிலக்கரிச் சுரங்கத்தார் நன்கறிவர். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞரின் அறிவுரைப்படி சுரங்கங்களுக்குள் கானரிப் பறவைகளைக் கொண்டு சென்றனர். நச்சுக்காற்று கசிந்தால் மனிதர்க்கு முன்னர்ப் பறவை சோரும். உடனே அனைவரும் வெளியேறுவர். பிரித்தானியச் சுரங்கங்களில் இவ்வழக்கம் 1986 ஆம் ஆண்டு வரை நீடித்தது. எம் வீட்டிலும் பறவை எச்சரித்திருக்கும். அதனைப் பார்க்க அங்கு எவரும் இல்லை.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

ஒன்று: பசை, சாயம், தின்னர் ஆகியன புழங்கும் அறையும் பறவை வாழும் அறையும் வேறுவேறாதல் வேண்டும். இடமில்லாத வீட்டில் சாயவேலையைத் திறந்த மாடியில் செய்க. மழையாயின் மறுநாள் செய்க.

இரண்டு: இயன்றவரை வெள்ளைப் பசையும் நீரில் கரையும் சாயமும் பயன்படுத்துக. இவை பிள்ளைகளின் மூச்சிற்கும் நல்லவை.

மூன்று: ஒட்டாத பூச்சுடைய தோசைக்கல்லை வெறுமையாக அடுப்பில் காயவிடாதீர். அளவு மீறிச் சூடேறினால் எழும் ஆவி பறவைகளைச் சில நிமிடங்களில் கொல்லும். கொசுவர்த்திப் புகை, சாம்பிராணிப் புகை ஆகியவற்றையும் கூண்டிலிருந்து விலக்குக.

நான்கு: கூண்டினை நாள்தோறும் துடைத்துக் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. கிளிகளின் எச்சத்தூளால் மனிதரின் நுரையீரலைத் தாக்கும் காய்ச்சல் பரவக்கூடும்.

ஐந்து: வெட்டுக்கத்தியைச் சிறுவர் தனித்துப் பயன்படுத்தலாகாது. எப்போதும் உடலுக்கு எதிர்த்திசையிலேயே வெட்டுதல் வேண்டும்.

பெரியோர் வினாவும் விடையும்

பறவையைக் கூண்டில் அடைத்தல் தகுமோ எனச் சமுதாயப் பெரியோர் வினவுவதுண்டு. சிறுவர் அபூ உமைர் வளர்த்த சிறுபறவையைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்புடன் விசாரித்த செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. பூனையைக் கட்டிவைத்து உணவிடாது வாட்டிய பெண் தண்டனைக்குள்ளான செய்தியும் அங்கே உள்ளது. இரண்டினையும் சேர்த்தே படித்தல் வேண்டும். வளர்ப்பதற்கு இசைவு உண்டு. அதனோடு பொறுப்பும் உண்டு என்பதே யாம் கொண்ட பொருள்.

மௌலானா ரூமியின் மஸ்னவியில் வணிகன் ஒருவனின் கிளிக்கதை வரும். இந்தியாவுக்குச் செல்லும் வணிகனிடம் அவன் கூண்டுக்கிளி, அங்குள்ள தன் இனத்திற்குச் செய்தி சொல்லி அனுப்புகின்றது. அதனைக் கேட்ட காட்டுக்கிளி ஒன்று விழுந்து மடிகின்றது. வணிகன் திரும்பிவந்து இதனைக் கூற, கூண்டுக்கிளியும் வீழ்கின்றது. அழுதுகொண்டே அவன் அதனை வெளியே எறிய, அது உயிர்பெற்றுப் பறந்துவிடுகின்றது. காட்டுக்கிளி இறப்பதுபோல் நடித்துக் காட்டியது விடுதலைக்கான வழியே. காட்டில் பறக்கும் கிளியைப் பிடித்து அடைப்போர்க்கு இக்கதையைவிடச் சிறந்த மறுமொழி வேண்டுவதில்லை.

படிப்பு கெடுமே என்பது மற்றொரு வினா. அளவின்றிச் செய்தால் கெடும். நாளொன்றுக்கு அரைமணி என வரையறுத்தால், நிழலை அளந்து உயரம் கண்ட பிள்ளைக்குக் கணக்கும், தினையும் நீரும் தவறாமல் வைக்கும் பிள்ளைக்குக் கடமையும் தாமே வந்து சேரும்.

முடிவுரை

மாதிரியில் பிழை நேர்ந்தால் பிரித்து மீண்டும் ஒட்டலாம். சாயம் பிசகினால் மேலும் ஒரு பூச்சுப் பூசலாம். உயிரினத்திடம் நேரும் பிழைக்கு மறுபூச்சு இல்லை. ஆதலின் இரண்டு பணிகளையும் தொடங்க விரும்பும் மாணவர் முதலில் மாதிரி அமைக்கப் பழகுக. பொறுமையும் ஒழுங்கும் கைவந்த பின்னர் உயிரொன்றைப் பொறுப்பேற்க.

எம் மகன் அம்மினாராவின் மறுபக்கத்திற்குச் சாயம் பூசவில்லை. ஒரு பக்கம் வெண்மையாகவும் மறுபக்கம் அட்டையின் பழுப்பாகவும் அது எம் நூலடுக்கின்மேல் இன்றும் நிற்கின்றது. வருவோர் முடிக்கவில்லையா என வினவுகின்றனர். அவன் நடந்ததைச் சொல்கின்றான். கேட்டுச் செல்வோர் தம் வீட்டுக் கூண்டினை வேறறைக்கு மாற்றுவராயின், அம்மாதிரி பெற வேண்டிய நிறைவைப் பெற்றதாகவே கொள்வோம்.